சத்தம் போடாத மெஷின்

ஹலோ… ஹலோ, யாரு?… கொஞ்சம் சத்தமா பேசுங்க, பின்னாடி ஒரே பஸ் எரைச்சலா இருக்கு… யாருங்க?…

ஓ. நீங்களா.

ம்… ம்… சொல்லுங்க சார்… ஆமா, சார்தான். முன்னாடி தம்பின்னுதான் கூப்பிட்டேன், இல்லேங்கல. முன்னாடி அந்தக் கட்டில்ல எம் புருஷன் படுத்திருந்தாரு. இப்ப அங்க துவைச்ச துணி கெடக்கு. எல்லாம் மாறிப் போச்சுல்ல?…

ஆமா. ஆமா, பதினேழு நாள் ஆச்சு. எனக்கே நாள் எண்ணிச் சொல்றீங்களா?…

ஆமா, நாலு மணிக்குத்தான் வர்றாங்க. உங்க சூப்பர்வைசரு, கூட எழுதறதுக்கு ஒரு ஆளு. ஆக்சிஜன் மெஷின என் கண்ணு முன்னாடிதான் தொறக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னவளே நான்தான். கம்பெனிக்குத் தூக்கிட்டுப் போயி, உள்ள என்ன வேணும்னாலும் மாத்தி வெச்சுட்டு, 'எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு'ன்னு காகிதத்த நீட்டுவீங்க. நான் என்ன நேத்துப் பொறந்தவளா?… அவரு போன அன்னிக்கு பிளக்கப் புடுங்கி, மேல போர்வையப் போத்தினேன். அதுக்கப்புறம் ஒரு கை அது மேல படல…

இப்ப எதுக்குப் போன் பண்றீங்க? அவங்க வர்றதுக்குள்ள என்னைக் கரைச்சுடலாம்னா?… பின்ன?…

செக் பண்ணேன், செக் பண்ணேன்னா? மூணாந்தேதி வந்தீங்க. தண்ணி வாங்கிக் குடிச்சீங்க. அட்டையில 'அலாரம் சரி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க. அந்த அட்டை இந்தா, என் கையிலதான் இருக்கு. பதினாலாந்தேதி சாயங்காலம் நான் வேலை முடிஞ்சு வர்றேன். டியூபு கட்டிலுக்கும் செவுத்துக்கும் நடுவுல நசுங்கிக் கெடக்கு. காத்து ஒரு பொட்டுப் போகல. மெஷினு கத்தணுமா இல்லையா? அதுக்குத்தான அலாரம்? கத்துச்சா?…

இல்ல, நீங்களே சொல்லுங்க. கத்துச்சா?…

செவுத்துக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக்காரம்மா காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் பொட்டியும் கையுமா நிக்கறாங்க. மெஷினு 'கீ'ன்னா அடுத்த நிமிஷம் சாவியோட உள்ள வந்துடுவாங்க. அதான் ஏற்பாடு. அந்த ஒரு சத்தத்த நம்பித்தான் நான் தையல் கம்பெனிக்குப் போனேன். அத நம்பித்தான் பாப்பாவ ஸ்கூலுக்கும், அங்கேர்ந்து டியூஷனுக்கும் அனுப்பினேன். அன்னிக்கு அந்தம்மா காதுல ஒண்ணுமே விழல. எங்கயும் போகலடி, இங்கயேதான் நின்னேன்னு இன்னிக்கும் தலையில அடிச்சுக்கிட்டு அழுவறாங்க…

என்ன? யாரக் கேக்கணும்?… பாப்பாவயா?… எதுக்கு அவள இழுக்கறீங்க? ஒம்போது வயசுப் புள்ள சார் அது. அதையா சாட்சிக்குக் கூப்புடுவீங்க?…

ஆமா, உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தா. என்னிக்கு உக்காரல? நீங்க பையத் தொறந்தா அவளுக்குச் சோறு தண்ணி வேணாம்… டியூப அவளே அமுக்கிப் பாத்தாளா?… கத்துச்சா?… அலாரம் எங்க இருக்குன்னு உள்ள தொறந்து காட்டினீங்களா?… சரி. சரி சார், காட்டினீங்க. அன்னிக்குக் கத்துச்சு. அடுத்த பதினோரு நாள்ல என்ன, பூனை கவ்விக்கிட்டுப் போயிடுச்சா?…

பாப்பா, நீ எதுக்கு எழுந்த? உள்ள இரு… யாருமில்ல, கம்பெனிலேர்ந்து… கதவச் சாத்திக்கோ.

…அவதான். சனிக்கெழமை, லீவு… எங்க நல்லா இருக்கா? வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசி எத்தன நாளாச்சு. நீங்க கொண்டாந்து குடுத்த அந்தப் பழைய கம்ப்யூட்டரு… ஆமா, ஒரு மாசம் மல்லுக்கட்டி அவளேதான சேத்தா, ஸ்கிரீன்ல அவங்கப்பா பேரு ஓடற மாதிரி பண்ணி வெச்சாளே… இப்ப அது பக்கம் திரும்பறதில்ல. பொறந்தநாளுக்கு நான் வாங்கிக் குடுத்த பொட்டி, ஒயரு, பேட்டரி, கலர் கலரா குட்டி பல்பெல்லாம் இருக்குமே, அதக் கொண்டுபோயி அலமாரி மேல ஏத்திட்டா. ஏண்டின்னா வேணாங்கறா. அவருதான அவளுக்கு மொத ரசிகரு. எதப் பண்ணாலும் 'இன்ஜினியரம்மா, இங்க கொண்டா பாப்போம்'னு கேக்கறதுக்கு இப்ப ஆளில்ல. மனசு விட்டுப் போச்சு புள்ளைக்கு…

அத விடுங்க. உங்களுக்கு என்ன, வேலை நேரத்துல பஸ் ஸ்டாண்டுல நின்னு பேசிட்டிருக்கீங்க?… எரைச்சல்தான் கேக்குதே…

…என்னது?… வேலைய விட்டு நிறுத்திட்டாங்களா?… எப்பலேர்ந்து?…

எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. நான் கம்பெனி மேலதான கம்ப்ளெயிண்டு எழுதினேன், உங்கள நிறுத்துங்கன்னா எழுதினேன்?… ஆமா, உங்க கையெழுத்தத்தான் காட்டினேன். வேற யாரு கையெழுத்தக் காட்டறது?…

வீட்டுல சொல்லலையா?… தெனமுமா?… பையத் தூக்கிட்டுக் கெளம்பி, பஸ் ஸ்டாண்டுல உக்காந்துட்டு, சாயங்காலம் திரும்பிப் போறீங்களா?… மத்தியானச் சாப்பாடு?… அங்கயே தொறந்து…

ம்.

கேக்கப் பாவமாத்தான் இருக்கு. எனக்குப் பாவம் பாத்தது யாரு?… இல்ல, அழாதீங்க. பத்துப் பேரு பாக்கற எடத்துல நின்னுக்கிட்டு… மூக்கத் தொடைங்க மொதல்ல.

இங்க பாருங்க, நான் பொய் எழுதல. கண்ணால பாத்தத எழுதினேன். கதவத் தொறந்தேன். ரூம்ல லைட்டு போடல, இருட்டிக்கிட்டு வருது. மெஷினு பாட்டுக்கு ஓடுது. அவரு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருக்காரு. மெஷின்ல சிவப்பு லைட்டு எரியுது. சத்தம் இல்ல. இவ்வளவுதான் எழுதினேன். சிவப்பு லைட்டு எரியுதுன்னா என்ன அர்த்தம்? ஆளுக்குக் காத்துப் போகலைன்னு மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் வாயத் தொறக்கல. அப்ப கோளாறு அலாரத்துலதான?…

…என்ன?… சிவப்புதான்…

நல்லாத் தெரியும் சார், சிவப்பு. ஒரு நாளைக்கு நாப்பது கலரு நூலு பிரிக்கறவ நான். எனக்குப் போயி சிவப்பு தெரியாதா?…

முன்னாடி இல்ல. முன்னாடி பச்சையும் மஞ்சளும், அது எனக்கும் தெரியும். இது பக்கவாட்டுல. கட்டில் பக்கம். காத்துப் போறதுக்கு வரி வரியா சந்து விட்டிருப்பாங்களே, அதுக்குள்ளேர்ந்து…

கிடையாதா?

கிடையாதுன்னா எப்படி?… எந்த மாடல்லயுமே?… என்ன சார் இது, முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறீங்க. பாத்தவ நான் சொல்றேன்…

சரி, இருங்க. மெஷினு எங்க ஓடியா போச்சு, இங்கதான நிக்குது. பாத்துட்டே பேசறேன்… போர்வைய எடுத்துட்டேன்… யப்பா, தூசி… கட்டில் பக்கம்… ஒண்ணும் தெரியல, இருட்டா இருக்கு. ஜன்னலத் தொறக்கறேன், இருங்க…

ம்… இருக்கு! நான் சொல்லல? இருக்கு. சந்துக்குள்ள ஒரு பொடி பல்பு, மூஞ்சி மட்டும் வெளிய எட்டிப் பாக்குது. சிவப்பு. பின்னாடி ரெண்டு ஒயரு உள்ள போகுது. மேல டேப்பு சுத்தியிருக்கு, ஊதா டேப்பு…

ஊதா.

…

…

ஹலோ… இருக்கேன்.

இருக்கேன். கட் ஆகல.

…இல்ல. உங்க கம்பெனி டேப்பு இல்ல. எங்க கம்பெனி டேப்பு. சட்டையில அளவு ஒட்டறதுக்கு வெச்சிருப்போம். உருளை தீரப்போற நேரத்துல மிச்சம் இருக்கறத வீட்டுக்கு எடுத்துட்டு வருவேன்… எதுக்கா? பாப்பாவுக்கு.

மெதுவா… இல்ல, நீங்க பேசுங்க, நான்தான் மெதுவா பேசறேன். அவ உள்ள இருக்கா.

…ஆமா. அந்தப் பொட்டில இருந்த பல்புதான். சிவப்பு ரெண்டு, பச்சை ரெண்டு, மஞ்சள் ரெண்டு. நான் வாங்கினதுதான, எனக்குத் தெரியாதா… அலாரத்த எடுத்துட்டு அந்த ஒயர்ல இத மாட்டியிருக்கா. அப்படித்தான?… கத்தறதுக்குப் பதிலா எரியற மாதிரி… அப்படித்தானா, சொல்லுங்களேன்…

கடவுளே.

…இருங்க. உக்காந்துக்கறேன்…

ம். சொல்லுங்க தம்பி… அவளால முடியுமான்னு நீங்க கேக்கறீங்களா? நீங்கதான சொல்வீங்க, 'அக்கா, எங்க கம்பெனிப் பசங்களுக்கு இந்தக் கை வராது'ன்னு. நானும் பூரிச்சுப் போயி நிப்பேன். தையல் கம்பெனி பூரா தம்பட்டம் அடிச்சேன். எம் பொண்ணு ரேடியோவப் பிரிச்சா, எம் பொண்ணு கடிகாரத்தப் பிரிச்சு மறுபடியும் ஓட விட்டான்னு. 'உனக்கு எது புடிக்கலையோ அதத் தொறந்து பாருடி, உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா பயம் போயிடும்'னு சொன்னவளும் நான்தான். வேற யாருமில்ல, நான்தான்…

இருங்க. அந்த ஞாயித்துக்கெழமை.

நீங்க வந்துட்டுப் போன மறுநாளு. எனக்கு ஓவர்டைம். முடிச்சுட்டு வர்றேன், அப்பனும் பொண்ணும் கட்டில்ல உக்காந்துக்கிட்டு கமுக்கமா சிரிக்கறாங்க. என்னன்னு கேட்டா ரகசியமாம். அவரு உதடு நீலம் பாரிச்சிருந்துச்சு. ஏன்யா இப்படி மூச்சு வாங்குதுன்னேன். சிரிச்சதுல வாங்குதுன்னாரு… தம்பி, இதத் தொறக்கணும்னா மெஷின நிறுத்தணும்ல?… எவ்வளவு நேரம் புடிக்கும்?… உங்க கைக்குக் கால் மணி. அவ கைக்கு அரை மணியாவது ஆகியிருக்கும். அரை மணி நேரம் அந்த மனுஷன் மூக்குல கொழாய் இல்லாம உக்காந்திருக்காரு, தம்பி. புள்ள முடிக்கட்டும்னு. டார்ச்சு புடிச்சிருப்பாரு. கண்டிப்பா புடிச்சிருப்பாரு, எனக்குத் தெரியாதா அவர…

பாவி மனுஷன். கேட்டிருந்தா நான் என்ன கொன்னா போட்டிருப்பேன்?…

…ஆகல அவருக்கு. அந்தச் சத்தமே ஆகல. கொஞ்சம் திரும்பிப் படுத்தா 'கீ'. கரண்டு கொறைஞ்சா 'கீ'. இஸ்திரிக்காரம்மா நாளைக்கு நாலு தடவை ஓடியாருவாங்க. ஒரு தடவை அவரு கட்டில்லயே பாத்திரம் வெச்சுப் போயிட்டிருக்காரு, அந்தம்மா வந்து எதுக்க நின்னுட்டாங்க. அதுலேர்ந்து சாப்பாடு எறங்கல. 'நான் என்ன காட்சிப் பொருளா, யாரு வேணும்னாலும் வந்து பாக்கறதுக்கு'ன்னாரு. கல்லறுக்கற பட்டறையில பத்துப் பேரு தூக்கற கல்ல நாலு பேரோட தூக்கினவரு. 'உசிர விட மானம் பெருசாய்யா உனக்கு'ன்னு நான் கத்தினேன். பாப்பா கீழ உக்காந்து வீட்டுப் பாடம் எழுதிட்டிருந்தா. எழுதிட்டிருந்தான்னுதான் நெனச்சேன்…

ஆமா. அவ யோசிச்சிருக்கா. சத்தம் வந்தா பக்கத்து வீட்டுக்காரங்க வருவாங்க. லைட்டு எரிஞ்சா அப்பா மட்டும் பாத்துக்குவாரு, டியூப சரி பண்ணிக்குவாரு. அதான் கட்டில் பக்கமா வெச்சிருக்கா பாருங்க. நல்ல யோசனைதான? தப்பு சொல்ல முடியுமா? அப்பா தூங்குவாரு, அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாருன்னு ஒம்போது வயசுக்குத் தோணுமா? அவருக்குத் தோணியிருக்கணும். அவருக்குத் தோணியிருக்கும். தோணியும்…

வேணாம். அந்தப் பேச்சு வேணாம்.

…நீங்க ஒண்ணு மறந்துட்டீங்க. நடுவுல ஒரு நாள் நான் உங்களுக்குப் போன் பண்ணேன்ல? 'என்ன மந்திரம் போட்டீங்க தம்பி, இப்பல்லாம் மெஷினு வாயே தொறக்கறதில்ல, வீடு வீடா இருக்கு'ன்னு. நீங்க கூட, 'நான் ஒண்ணும் பண்ணலையேக்கா, கரண்டு சரியாயிருக்கும்'னீங்க. ரெண்டு பேரும் சிரிச்சோம்… ஆமா. சிரிச்சோம்.

இருங்க, வாசல்ல யாரோ… இல்லக்கா, துணி அப்புறமா குடுங்க. போன்ல இருக்கேன்… அழல, சளி… சரி, சரி, வர்றேன்.

…இஸ்திரிக்காரம்மா. இந்தம்மா இப்பவும் 'கீ'ன்னு கேக்குதுன்னு வேலைய விட்டுட்டு எழுந்து வந்து நிக்குது, தம்பி. மெஷினு பிளக்கு இல்லாம கெடக்கு, அதுக்குக் கேக்குதாம். உங்கள பஸ் ஸ்டாண்டுல உக்கார வெச்சாச்சு, அதுக்குக் காது இரைய வெச்சாச்சு. நான் ஒருத்தி கம்ப்ளெயிண்டு எழுதறேன்னு எல்லார் மேலயும் கல்லெறிஞ்சேன், கல்லு எங்க வந்து விழுந்திருக்கு பாருங்க…

மணி என்ன?… மூணரையா…

புடுங்கிடவா? இழுத்தா கையோட வந்துடும் போலருக்கு… புடுங்கினா உள்ள என்ன தெரியும்?… வெட்டின ஒயரு. அலாரம் இல்லாத எடம். அப்ப மூணாந்தேதியே அலாரம் இல்ல, நீங்க பாக்காமலே கையெழுத்துப் போட்டீங்கன்னு ஆயிடும்… ஆகட்டும்கறீங்களா? பைத்தியமா உங்களுக்கு?…

காட்டினது நீங்கதான், சரி. வாங்கிக் குடுத்தது நான். டார்ச்சு புடிச்சது அவரு. மூணு பேருந்தான அவள ஏத்தி விட்டோம்? புள்ளைக்கு ஒண்ணு நல்லா வருதுன்னா தட்டிக் குடுக்காம தலையிலயா குட்டுவாங்க?… இல்ல தம்பி. உங்க சோத்துல மண்ணப் போட்டுட்டு என்னால நிம்மதியா ஒரு தையல் போட முடியாது. பஸ் ஸ்டாண்டுல டப்பாவத் தொறக்கற ஆளு கண்ணுலயே நிப்பாரு…

அவர் மேல போடறதா?… நானும் யோசிச்சேன். யோசிக்கலைன்னா பொய். போனவருக்கு என்ன வலிக்கவா போகுது. ஆனா உங்க சூப்பர்வைசரு அவர நேர்ல பாத்திருக்காரு. டம்ளர நேராப் புடிக்க முடியாத கை. அந்தக் கையி இந்தப் பொடி ஒயர முறுக்குச்சுன்னா யாரு நம்புவா? நம்பலைன்னா அடுத்த கேள்வி என்ன? வீட்டுல வேற யாரு இருக்கா. அப்ப அவங்க கண்ணு நேரா அந்த அலமாரி மேல இருக்கற பொட்டிக்குத்தான் போகும்.

நான் பண்ணேன்னு சொல்லப் போறேன்.

…ஆமா. நான்தான். சத்தம் தாங்கல, தூக்கம் கெட்டுப் போச்சு, நானே அலாரத்த எடுத்துட்டு பல்ப வெச்சேன். பயத்துல மறைச்சு கம்ப்ளெயிண்டு எழுதினேன். அவ்வளவுதான்…

கேளுங்க. கேளுங்க தம்பி, குறுக்க பேசாதீங்க. என்ன பண்ணிடுவாங்க?… போலீசுன்னா போலீசு. கட்டினவனுக்கு எமனா வந்தான்னு பேசுவாங்க. ஒலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? பேசட்டும். எனக்கு வயசு முப்பத்தாறு. பாதி ஓடிப் போச்சு, தாங்கிக்குவேன். அவளுக்கு ஒம்போது. இதத் தூக்கிக்கிட்டு அவ இன்னும் எவ்வளவு தூரம் நடக்கணும்?…

உங்க வாயிலேர்ந்து அவ பேரு வரக்கூடாது. சூப்பர்வைசர்கிட்ட மட்டுமில்ல, உங்க வீட்டுலயும்… சத்தியமா?… சரி. நம்பறேன்.

நம்ப மாட்டாங்களா? ஏன்?… ஸ்க்ரூ டிரைவர் புடிச்சதில்ல, வாஸ்தவம். ஆனா என் விரலப் பாத்தா நம்புவாங்க. பதினெட்டு வருஷமா ஊசியில நூல் கோத்த விரலு. அதுக்குத்தான், நீங்க இப்ப எனக்குச் சொல்லிக் குடுக்கறீங்க. ஒண்ணொண்ணா சொல்லுங்க. என்ன கேப்பாங்களோ எல்லாம்… எழுதிக்கல. எழுதினா மாட்டிக்குவேன். மனப்பாடம் பண்ணிக்கறேன்…

மொதல்ல பிளக்கப் புடுங்கணும்… சரி. மெஷினச் செவுத்துப் பக்கம் திருப்பணும். சக்கரம் இருக்கு, திரும்பும்… பின்பக்க மூடி. நாலு ஸ்க்ரூ… எந்த மாதிரி மொனை?… ஸ்டாரு. கூட்டல் குறி மாதிரி இருக்குமே, அதான? சரி, ஸ்டாரு. அவருகிட்ட ஒண்ணு இருந்துச்சு… மூடிய இழுத்தா பச்சைக் கலர்ல ஒரு போர்டு. அதுல அலாரம்… எவ்வளவு பெருசு?… கோட்டுப் பொத்தான் அளவா? கறுப்பா, நடுவுல ஒரு ஓட்டை… பொத்தான்னு சொல்லிட்டீங்கல்ல, இனி எனக்கு மறக்காது. அதுலேர்ந்து சிவப்பு ஒயரு ஒண்ணு, கறுப்பு ஒயரு ஒண்ணு. வெட்டினேன். எதாலன்னா கத்தரிக்கோலால. எங்கிட்ட கத்தரிக்கோல் இல்லாம வேற யாருகிட்ட இருக்கும்?… பல்புல நீளக் காலு சிவப்பு ஒயர்ல, குட்டைக் காலு கறுப்புல. மாத்தி வெச்சா எரியாது. சரி… நடுவுல என்னது? ரெசிஸ்டரா? அது எதுக்கு?… இல்லாட்டி பல்பு கருகிடுமா… இருக்கான்னு தெரியல, டேப்புக்குள்ள மூடியிருக்கு. ஒரு மேடு மாதிரி தெரியுது… அதான். வெச்சிருப்பா. அவ அதெல்லாம் விட மாட்டா.

…பாருங்க என் புத்திய. பெருமைப்படற நேரமா இது.

சரி, ஒப்பிக்கறேன், தப்பு இருந்தா சொல்லுங்க. பிளக்கப் புடுங்கினேன். மெஷினத் திருப்பினேன். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால பின்மூடியில நாலு ஸ்க்ரூ கழட்டினேன். மூடிய இழுத்தேன். பச்சை போர்டுல, பொத்தான் மாதிரி…

…

என்னடி?

நீ எப்ப வந்த?… எவ்வளவு நேரமா நிக்கற அங்க?…

ஒரு நிமிஷம் தம்பி.

…என்ன சொன்ன?… அஞ்சா?…

ஸ்டிக்கருக்கு அடியிலயா.

…தம்பி. அந்த நம்பர் ஒட்டின ஸ்டிக்கரு இருக்குல்ல, அதுக்கு அடியில ஒரு ஸ்க்ரூ இருக்கா?… யோசிச்சுச் சொல்லுங்க… இருக்கா… அதக் கழட்டாம மூடி வராதா. நீங்களே மறந்துட்டீங்களா.

…ஆமா. அவதான். இங்கதான் நிக்கறா.

இங்க வா. கிட்ட வா, ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஏண்டி கை இப்படி ஐஸா இருக்கு… எல்லாம் கேட்டியா?… தெரியுமா?… எப்பலேர்ந்து?… அன்னிலேர்ந்தேவா? பதினேழு நாளாவா?… அதான் பொட்டிய மேல ஏத்தினியா? நான் அப்பா நெனப்புன்னு நெனச்சேன்டி. எங்கிட்ட ஒரு வார்த்தை… சரி. சரி, வா. இல்ல, திட்டல. நான் திட்டுவேனா…

தம்பி, கதவு தட்டறாங்க… அவங்கதான். முன்னாடியே வந்துட்டாங்க… இல்ல, மாத்தல. அதேதான். நான்தான் பண்ணேன், ஸ்க்ரூ அஞ்சு… நீங்க வீட்டுக்குப் போங்க. பஸ் ஸ்டாண்டுல உக்காராதீங்க… வெக்கறேன்…

வர்றேங்க, ஒரு நிமிஷம்!

என்னம்மா? அவங்க வந்துட்டாங்க, சீக்கிரம் சொல்லு… கேளு…

…

எரிஞ்சுது.

எரிஞ்சுதுடி கண்ணு. நான் வர்ற வரைக்கும் எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. நீ ஒழுங்காத்தான் வெச்சிருந்த. அப்பாதான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு…

வெக்கறேன் தம்பி.